பேனல் பட்டறைக்கு வரும் பெட்டி: இறக்குமதியாகும் மின் ஸ்விட்ச் சாதனங்களுக்குச் சுங்க வகைப்பாட்டு எண் கண்டறியும் வழிகாட்டி

மதுரை கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டையில் பேனல் போர்டு (ஸ்விட்ச் சாதனங்கள் பொருத்திய மின்பலகை) கட்டும் ஒரு பட்டறைக்குத் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஒரு பெட்டி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். உள்ளே எம்.சி.சி.பி.க்கள் (மிகை மின்னோட்டத்தில் தானே துண்டிக்கும் வார்ப்புறைச் சர்க்யூட் பிரேக்கர்கள்), கான்டாக்டர்கள் (மோட்டார் போன்றவற்றுக்கான மின்சாரத்தைக் காந்தச் சுருளால் திறந்து மூடுபவை), புஷ் பட்டன்கள், டைமர்கள், ஒரு பி.எல்.சி. (நிரலேற்றக்கூடிய கட்டுப்படுத்தி), காலி பேனல் பெட்டிகள் நான்கு, பழைய கான்டாக்டர்களுக்கு மாற்றுவதற்கான கான்டாக்ட் (தொடுமுனை) கிட்டுகள் ஆகியவை இருக்கின்றன. அனுப்பியவரின் இன்வாய்ஸில் எல்லாவற்றுக்கும் நேராக 8536 50 என்ற ஒரே எண் அச்சிடப்பட்டிருக்கிறது. அதை அப்படியே பில் ஆஃப் என்ட்ரியில் (சுங்கத்துறையிடம் தாக்கல் செய்யும் இறக்குமதி அறிவிப்பில்) ஏற்றிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். உண்மையில் அந்த ஏழு பொருள்களும் ஏழு வெவ்வேறு துணைத்தலைப்புகளுக்கு, அதாவது ஆறு இலக்க எண்களுக்கு, போகக்கூடியவை. புஷ் பட்டன் ஒன்றுதான் இன்வாய்ஸ் சொன்ன இடத்தில் நிற்கும்.

எண் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். உலகச் சுங்க அமைப்பு வகுத்த இசைவுபடுத்தப்பட்ட பெயரிடல் முறை 1988-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் அதைப் பின்பற்றும் எல்லா நாடுகளுக்கும் பொது. ஏழாவது, எட்டாவது இலக்கங்கள் இந்தியா தன் சுங்கத் தீர்வைச் சட்டம், 1975-இன் முதல் அட்டவணையில் சேர்த்துக்கொண்டவை. எனவே சீனாவிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ வரும் எண்ணில் ஆறாவதுக்குப் பின் வரும் இலக்கங்களுக்கு இங்கே எந்தப் பொருளும் இல்லை. முதல் ஆறையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது, ஏனென்றால் அனுப்புபவர் தம் நாட்டு ஏற்றுமதி வரித் திருப்பத்துக்கு எது வசதியோ அதைப் பார்த்துத்தான் எண்ணைப் போட்டிருப்பார். நம் ஊர் டியூட்டி அவருடைய கவலை அன்று.

பொறுப்பு யாருடையது என்பதிலும் குழப்பம் வேண்டாம். சுங்கச் சட்டம், 1962-இன் 17-ஆம் பிரிவு 2011 ஏப்ரல் முதல் தன்மதிப்பீட்டு முறைக்கு மாறிவிட்டது. எண்ணைத் தேர்ந்து, வரியைக் கணக்கிட்டு அறிவிப்பது இறக்குமதியாளரின் கடமை. கிளியரிங் ஏஜென்ட் உதவலாம், ஆனால் தவறு நேர்ந்தால் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். முகமறியா மதிப்பீட்டு முறை 2020 ஜூன் 8 அன்று பெங்களூரிலும் சென்னையிலும் தொடங்கியபோது, முதலில் அதற்குள் கொண்டுவரப்பட்டவை அத்தியாயம் 84, 85-இன் பொருள்கள், அதாவது இயந்திரங்களும் மின்சாதனங்களும்தாம். அதே ஆண்டின் இறுதிக்குள் அது நாடு முழுவதற்கும் விரிந்தது. ஆகவே மதுரையிலிருந்து சுமார் 140 கிலோமீட்டர் தொலைவில் தூத்துக்குடியில் பெட்டி நின்றாலும், உங்கள் ஆவணத்தை ஆராயும் அதிகாரி வேறு எந்த நகரத்திலும் இருக்கலாம். அவர் பெட்டியைப் பார்க்க மாட்டார். நீங்கள் எழுதிய வரியைத்தான் பார்ப்பார். இந்த வழிகாட்டியில் சொல்லப்போகும் எல்லாமே அந்த ஒரு வரியைச் சரியாக எழுதுவதற்கான முன்வேலை.

முதல் வேலை: பொருளை மேசைமேல் வைத்துப் பார்ப்பது

எண்ணைத் தேடி இணையத்தில் இறங்குவதற்கு முன் பொருளிடம் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். இது எத்தனை வோல்ட் மின்சுற்றுக்காகச் செய்யப்பட்டது? அந்தச் சுற்றில் இது என்ன செய்கிறது: திறந்து மூடுகிறதா, காக்கிறதா, இணைக்கிறதா? தனியாக வருகிறதா, வேறு சாதனங்களோடு ஒரே பலகையில் பொருத்தப்பட்டு வருகிறதா? முழுச் சாதனமா, ஒரு சாதனத்தின் பாகமா?

விடைகள் பெயர்ப்பலகையிலும், கேட்டலாகிலும், சோதனைச் சான்றிதழிலும் இருக்கும். விற்பவரிடம் இன்வாய்ஸோடு கேட்டலாக் பக்கத்தையும் வயரிங் படத்தையும் ஆர்டர் கொடுக்கும்போதே கேட்டு வாங்கிவிடுங்கள். கப்பல் ஏறிய பிறகு கேட்டால் வராது. சான்றிதழில் குறிப்பிடப்படும் தர எண் நல்ல துப்பு. ஐ.ஈ.சி. என்கிற சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் 60947-2 என்றால் தொழிற்சாலைப் பயன்பாட்டுச் சர்க்யூட் பிரேக்கர். 60898 என்றால் வீடுகளுக்கான எம்.சி.பி. என்னும் சிறு சர்க்யூட் பிரேக்கர்; 60947-3 என்றால் ஸ்விட்சும் ஐசொலேட்டரும் (சுற்றைத் துண்டித்துத் தனிப்படுத்துவது); 60947-4-1 என்றால் கான்டாக்டரும் மோட்டார் ஸ்டார்ட்டரும்; 60947-5-1 என்றால் புஷ் பட்டன், லிமிட் ஸ்விட்ச் போன்ற கட்டுப்பாட்டுச் சாதனங்கள்; 61439 என்றால் முழுதாகக் கட்டப்பட்ட தாழ்வழுத்தப் பலகை; 62271 வரிசை என்றால் உயரழுத்தச் சாதனம். தர எண் சட்டப்படி வகைப்பாட்டைத் தீர்மானிக்காது. ஆனாலும் பொருள் என்னவென்று சொல்ல அதைவிட நேர்மையான சாட்சி கிடைப்பது அரிது.

சட்டத்தை எந்த வரிசையில் படிப்பது

தீர்வை அட்டவணையின் தொடக்கத்தில் ஆறு பொது விளக்க விதிகள் இருக்கின்றன. அவற்றை வரிசை மாற்றாமல் பயன்படுத்த வேண்டும். முதல் விதிதான் முதுகெலும்பு: நான்கு இலக்கத் தலைப்பின் வாசகமும், பகுதிக் குறிப்புகளும், அத்தியாயக் குறிப்புகளும் சேர்ந்து எண்ணைத் தீர்மானிக்கும், பகுதி, அத்தியாயம் ஆகியவற்றின் பெயர்கள் தேடும் வசதிக்கு மட்டுமே. ஸ்விட்ச் சாதனங்களைப் பொறுத்தவரை பெரும்பாலான வழக்குகள் இந்த முதல் விதியிலேயே முடிந்துவிடும். ஆறாவது விதி அதே முறையைத் துணைத்தலைப்புக்குப் பயன்படுத்தச் சொல்கிறது: முதலில் நான்கு இலக்கத்தை முடிவு செய்து, அதற்குப் பிறகுதான் ஐந்தாவது, ஆறாவது இலக்கங்களுக்கு இறங்க வேண்டும். எட்டு இலக்கப் பட்டியலில் 'எம்.சி.பி.' என்ற சொல்லைத் தேடிப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுவது தலைகீழ்.

உலகச் சுங்க அமைப்பு வெளியிடும் விளக்கக் குறிப்புகள் நம் நாட்டில் சட்டம் அல்ல. ஆனால் உட் கிராஃப்ட் புராடக்ட்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது முதல், ஐயம் வரும்போது அவற்றையே வழிகாட்டியாகக் கொள்வது நிலைத்த வழக்கமாகிவிட்டது.

1,000 வோல்ட் என்ற கோடு

அத்தியாயம் 85-இல் நமக்கு வேண்டிய தலைப்புகள் அடுத்தடுத்து நான்கு: 8535, 8536, 8537, 8538. முதல் இரண்டும் ஒரே வகைச் சாதனங்களைத்தான் பேசுகின்றன: மின்சுற்றைத் திறந்து மூடுபவை, காப்பவை, இணைப்பவை. வேறுபாடு மின்னழுத்தம் ஒன்றே. 1,000 வோல்ட்டுக்கு மேல் என்றால் 8535. 1,000 வோல்ட்டைத் தாண்டாதது என்றால் 8536. சரியாக 1,000 வோல்ட் என்றால் அது 8536-க்கே போகும், தாண்டவில்லை அல்லவா.

ஆனால் எந்த வோல்ட்? பெயர்ப்பலகையில் மூன்று எண்கள் இருக்கும். ஒரு சாதாரணக் கான்டாக்டரில் இயங்கு மின்னழுத்தம் 690 வோல்ட், காப்பு மின்னழுத்தம் 1,000 வோல்ட், திடீர் அலையைத் தாங்கும் மின்னழுத்தம் 8 கிலோவோல்ட் என்று எழுதியிருக்கலாம். மூன்றாவது எண்ணைப் பார்த்துவிட்டு 8535 என்று எழுதிய ஒரு பில்லை நானே திருத்திக் கொடுத்திருக்கிறேன். பார்க்க வேண்டியது சாதனம் வேலை செய்வதற்காக வடிவமைக்கப்பட்ட இயங்கு மின்னழுத்தத்தை. மற்ற இரண்டும் அது எவ்வளவு அடி தாங்கும் என்பதைத்தான் சொல்கின்றன.

இதைவிட ஆழமான பள்ளம் சூரிய மின்சாரத்தில் இருக்கிறது. மதுரையைச் சுற்றியும், கமுதி தொடங்கி இராமநாதபுரம் மாவட்டத்திலும் சூரிய மின்நிலையங்கள் பெருகியிருப்பதால், நேர்மின் ஐசொலேட்டர்களும் ஃபியூஸ்களும் காம்பைனர் பெட்டிகளும் (பல சூரியத் தகடுகளின் மின்சாரத்தை ஒன்றுசேர்ப்பவை) இந்தப் பக்கம் நிறைய வருகின்றன. மின்பொறியாளருக்குத் தாழ்வழுத்தம் என்பது மாறுமின்சாரத்தில் 1,000 வோல்ட் வரை, நேர்மின்சாரத்தில் 1,500 வோல்ட் வரை. ஐ.ஈ.சி. 60947 தொகுதியும் அந்த எல்லையைத்தான் வைத்திருக்கிறது. சுங்கத் தீர்வைக்கோ மாறுமின்சாரம், நேர்மின்சாரம் என்ற வேறுபாடே கிடையாது. 1,000 வோல்ட் என்றால் இரண்டுக்கும் 1,000 வோல்ட்தான். எனவே 1,500 வோல்ட் நேர்மின் அமைப்புக்கான ஐசொலேட்டர், கேட்டலாகில் 'தாழ்வழுத்தச் சாதனம்' என்று தடித்த எழுத்தில் அச்சிடப்பட்டிருந்தாலும், 8535 30-க்குப் போகும். அதே காரணத்தால் அந்த அமைப்பின் ஃபியூஸ் 8535 10-க்கும், திடீர் மின்னலையிலிருந்து காக்கும் சர்ஜ் புரொடெக்டர் 8535 40-க்கும் போகும். பொறியியல் படித்தவர்கள்தாம் இந்த இடத்தில் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் அனுபவம், ஏனென்றால் அவர்களுக்குத் தாழ்வழுத்தம் என்ற சொல்லுக்கு உறுதியான பொருள் ஏற்கெனவே தெரியும்.

8535-க்குள் இன்னொரு கோடு 72.5 கிலோவோல்ட். தானியங்கிச் சர்க்யூட் பிரேக்கர் அதற்குக் குறைவானது என்றால் 8535 21, மற்றவை 8535 29. நம் துணைமின்நிலையங்களில் 11, 22, 33 கிலோவோல்ட் தடங்களுக்கான வேக்குவம் (வெற்றிட) பிரேக்கர்கள் முதல் எண்ணிலும், 110 கிலோவோல்ட் தடத்துக்கான பிரேக்கர் இரண்டாவது எண்ணிலும் அமரும். 66 கிலோவோல்ட் தடத்துக்கான பிரேக்கரின் பெயர்ப்பலகை சரியாக 72.5 என்று காட்டினால், அது 'குறைவானது' ஆகாது என்பதையும் கவனியுங்கள். எட்டு இலக்க அளவில் இந்தியா இவற்றை வாயு வகை, வேக்குவம் வகை, கிலோவோல்ட் என்று மேலும் பிரித்திருப்பதால், பிரேக்கருக்குள் எழும் மின்பொறியை அணைக்கும் ஊடகம் என்ன என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

8536-க்குள் இறங்குவது

மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் கிடைக்கும் சாமான்களில் பெரும்பகுதி இந்தத் தலைப்புக்குள்தான் இருக்கிறது. ஃபியூஸ் 8536 10. தானியங்கிச் சர்க்யூட் பிரேக்கர் 8536 20. அதற்குள் ஏர் சர்க்யூட் பிரேக்கர் 8536 20 10, எம்.சி.சி.பி. 8536 20 20, எம்.சி.பி. 8536 20 30, எர்த் லீக்கேஜ் பிரேக்கர் 8536 20 40. ஃபியூஸிலும் பிரேக்கரிலும் சேராத காப்புச் சாதனங்கள் 8536 30. ரிலேக்கள் 60 வோல்ட் வரை 8536 41, அதற்கு மேல் 8536 49. மற்ற ஸ்விட்சுகள் 8536 50. விளக்கு ஹோல்டர் 8536 61, பிளக்கும் சாக்கெட்டும் 8536 69. ஒளியிழைக் கனெக்டர் மின்சாதனமே அல்ல, ஆனாலும் 8536 70 என்று இங்கேயே இடம் பெற்றிருக்கிறது. மோட்டார் ஸ்டார்ட்டரும் ஜங்ஷன் பாக்ஸும் டெர்மினல் பிளாக்கும் 8536 90-இல்.

கான்டாக்டர்தான் தகராறுக்காரன். தோற்றத்தில் அது ஸ்விட்ச், வேலையில் ரிலே. ஒரு சுற்றில் மின்சாரம் பாய்ந்தால் மற்றொரு சுற்று தானாகத் திறந்து மூடுகிறது என்பதால் அதை ரிலேயாகக் கொண்டு 8536 49-இல் வைப்பதே பரவலான நடைமுறை. இங்கே உடனே எழும் கேள்வி, 60 வோல்ட் என்பது காயிலுக்கா (இயக்கும் சுருளுக்கா), கான்டாக்ட்டுக்கா (திறந்து மூடும் முனைக்கா) என்பது. காயில் 24 வோல்ட், கான்டாக்ட் 415 வோல்ட் என்று இருக்கும் கான்டாக்டர்தான் நம் பட்டறைகளில் மிகுதி. தலைப்பின் வாசகம் திறந்து மூடப்படும் சுற்றைப் பற்றியே பேசுவதால் கான்டாக்ட்டின் மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. எந்தப் பக்கம் நின்றாலும் இரண்டு எண்களையும் விவரணையில் எழுதிவிடுங்கள். மறைத்தார் என்ற சொல் பின்னால் வராது.

லிமிட் ஸ்விட்ச், ரோட்டரி ஸ்விட்ச், தொடாமலே வேலை செய்யும் பிராக்ஸிமிட்டி ஸ்விட்ச் எல்லாம் 8536 50-க்கு உரியவை. பிராக்ஸிமிட்டி ஸ்விட்சை 'சென்சார்' என்று விற்பவர்கள் அழைப்பதால் அளவுக் கருவிகளுக்கான அத்தியாயம் 90-க்குத் தூக்கிச் செல்பவர்கள் உண்டு. அது அளந்து எண்ணைச் சொல்கிறதா, இல்லை வெறுமனே சுற்றைத் திறந்து மூடுகிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் அது ஸ்விட்சே.

பலகையாக வந்தால்

8535, 8536 தலைப்புகளின் சாதனங்கள் இரண்டோ அதற்கு மேலோ பொருத்தப்பட்டு, மின்கட்டுப்பாட்டுக்கோ பகிர்மானத்துக்கோ உதவும் பலகை, பேனல், கன்சோல், அலமாரி ஆகியவை 8537. 1,000 வோல்ட் வரை 8537 10, அதற்கு மேல் 8537 20. பலகையில் அம்மீட்டரோ எனர்ஜி மீட்டரோ இருந்தாலும் எண் மாறாது. அத்தியாயம் 90-இன் கருவிகளைச் சேர்த்துக்கொண்டவையும் இதில் அடங்கும் என்று தலைப்பே சொல்கிறது. 1,500 வோல்ட் சூரிய காம்பைனர் பெட்டி இந்தக் கணக்கில் 8537 20-க்கு ஏறிவிடும்.

'இரண்டோ அதற்கு மேலோ' என்ற சொற்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு எம்.சி.பி. மட்டும் பொருத்திய சிறு பெட்டி பலகை ஆகாது. அது உறையோடு கூடிய எம்.சி.பி., ஆகவே 8536. சாதனம் எதுவும் பொருத்தாத காலிப் பலகை 8538 10. அதிலும் அந்தப் பெட்டி ஸ்விட்ச் பலகைக்கென்றே செய்யப்பட்டது என்று அதன் உருவம் சொல்ல வேண்டும்: டின் ரயில், கட்அவுட், பஸ்பார் தாங்கி, கேபிள் நுழையும் கிளாண்ட் தட்டு இப்படி ஏதாவது. எதுவும் இல்லாத வெறும் இரும்புப் பெட்டியாக இருந்தால் இரும்புப் பொருள்களுக்கான அத்தியாயம் 73-க்குத் தள்ளப்படும்.

பி.எல்.சி. என்கிற நிரலேற்றக்கூடிய கட்டுப்படுத்தியைக் கணினி என்று கருதி 8471-இல் போடுவது பழைய பழக்கம். விளக்கக் குறிப்புகள் அதை 8537-இல் பெயர் சொல்லியே வைத்திருக்கின்றன.

பலகை பெரிதாக இருப்பதால் மூன்று மரச்சட்டப் பெட்டிகளில் பிரித்து அனுப்பினாலும், ஒன்றாகச் சமர்ப்பிக்கப்பட்டால் இரண்டாவது விதியின் முதல் பகுதிப்படி அது முழுப் பலகையே. கப்பலேற்றும் வசதிக்காகப் பிரேக்கர்களைக் கழற்றித் தனியே கட்டியிருப்பதால் எண் மாறிவிடாது. ஆனால் பிரேக்கரை ஓரிடத்திலும் பெட்டியை வேறிடத்திலும் வாங்கி, கப்பலூரில் வைத்து நீங்களே கட்டப்போகிறீர்கள் என்றால், அவை தனித்தனிப் பொருள்கள், தனித்தனி எண்கள்.

உதிரி பாகம் என்ற பொறி

இறக்குமதியாளர் வாயில் மிக எளிதாக வருகிற சொல் 'பேனல் ஸ்பேர்'. அந்தச் சொல்லைக் கேட்டதும் 8538 90 என்று எழுதிவிடுகிறார்கள். அத்தியாயம் 84, 85 அடங்கிய பகுதி 16-இன் இரண்டாம் குறிப்பு இதற்குக் குறுக்கே நிற்கிறது. அந்தக் குறிப்பின் முதல் உட்பிரிவு, அத்தியாயம் 84 அல்லது 85-இன் ஏதாவது ஒரு தலைப்புக்குள் தானாகவே வரும் பொருள், எதற்குப் பாகமாகப் பயன்பட்டாலும் அந்தத் தலைப்பிலேயே வகைப்படுத்தப்படும் என்கிறது. எனவே பேனலுக்கு உதிரியாக வாங்கும் ரிலே 8536-தான், மாற்று எம்.சி.சி.பி.யும் 8536-தான். தனக்கென்று தலைப்பு இல்லாத, ஆனால் இந்தச் சாதனங்களுக்கு மட்டுமே அல்லது முதன்மையாகப் பயன்படும் கான்டாக்ட் கிட், ஆர்க் சூட் (மின்பொறியை அணைக்கும் அறை), இயக்கக் கைப்பிடி போன்றவைதான் 8538 90-க்கு வரும்.

அதற்கும் முன்பு முதலாம் குறிப்பைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் பகுதி 16-க்குள்ளேயே வரக் கூடாதவற்றை அதுதான் பட்டியலிடுகிறது. பொதுப் பயன்பாட்டு உலோகப் பாகங்களான திருகு, நட், ஸ்பிரிங் எல்லாம் அந்தந்த உலோக அத்தியாயத்துக்கே போகும். பேனலோடு வந்த ஒரு பை நிறைய இரும்புத் திருகுகளைத் தனியாக விலை போட்டு வாங்கினால் அவை 7318. மின்காப்பான் 8546-இலும், காப்புப் பொருத்திகள் 8547-இலும் தனியிடம் பெற்றிருக்கின்றன.

பெயரில் ஸ்விட்ச், இடம் வேறு

நெட்வொர்க் ஸ்விட்ச் மின்சுற்று ஸ்விட்ச் அல்ல. அது தரவை வழிமாற்றும் கருவி, 8517 62. மோட்டாரின் வேகத்தை மாற்றும் டிரைவ் ஒரு ஸ்டார்ட்டர் போலவே பேனலில் உட்கார்ந்திருந்தாலும், மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றுகிற நிலைமாற்றி என்பதால் 8504 40. தானியங்கி வோல்டேஜ் ஸ்டெபிலைசர், தானியங்கிக் கட்டுப்பாட்டுக் கருவிகளுக்கான 9032.

டைமரில் கொஞ்சம் நிதானம் வேண்டும். கடிகார இயக்கமோ ஒத்தியங்கு மோட்டாரோ கொண்டு, நாளின் இன்ன நேரத்தில் தெருவிளக்கை ஏற்று என்று சொல்லும் டைம் ஸ்விட்ச் 9107. மோட்டாரைக் கிளப்பும் ஸ்டார்-டெல்ட்டா ஸ்டார்ட்டரில் சில நொடி தாமதித்து இயங்கும் மின்னணு டைமர் ரிலே அப்படிப்பட்டதன்று. அது 8536-இல் ரிலேயோடு நிற்கும். இன்வாய்ஸில் இரண்டுக்கும் 'டைமர்' என்றே எழுதியிருக்கும்.

தெர்மோஸ்டாட் 9032 10. பிரஷர் ஸ்விட்சுக்கு அத்தியாயம் 90-இன் ஏழாம் குறிப்பைப் படிக்க வேண்டும்: அழுத்தத்தைத் தொடர்ந்தோ அவ்வப்போதோ அளந்து, வேண்டிய அளவில் நிலைநிறுத்துவதற்காக வடிவமைக்கப்பட்டிருந்தால் 9032, ஓர் எல்லையைத் தொட்டதும் சுற்றை அறுக்க மட்டும் செய்தால் 8536 50 என்று வாதிட இடம் உண்டு.

கைபேசியிலிருந்து இயக்கும் வைஃபை ஸ்விட்ச் புதிய தலைவலி. அதில் தகவல் தொடர்பும் இருக்கிறது, மின்சுற்றைத் திறந்து மூடுவதும் இருக்கிறது. பகுதி 16-இன் மூன்றாம் குறிப்பு முதன்மைப் பணி எது என்று கேட்கச் சொல்கிறது. சுவரில் மாட்டுபவர் விளக்கைப் போடத்தான் அதை வாங்குகிறார் என்பதால் 8536 என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

ரயில்வேக்குப் பொருள் கொடுப்பவர்கள் நம் மதுரைக் கோட்டத்தைச் சுற்றியும் இருப்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். வாகனங்களுக்கான பகுதி 17-இன் இரண்டாம் குறிப்பு மின்சாதனங்களை வாகனப் பாகங்களிலிருந்து விலக்குகிறது. அதனால்தான் கார் ரிலே, மோட்டார் வாகனப் பாகங்களுக்கான 8708-க்குப் போவதில்லை என்று நீண்டகாலமாகக் கருதப்பட்டது. ஆனால் வெஸ்டிங்ஹவுஸ் சாக்ஸ்பி ஃபார்மர் வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், ரயில்வே சிக்னலுக்கென்றே செய்யப்பட்ட ரிலேக்களை 8536-இலிருந்து எடுத்து ரயில் சிக்னல் கருவிகளுக்கான 8608-இல் வைத்தது. தனிப்பயன் அல்லது முதன்மைப் பயன் என்ற அளவுகோல் அங்கே வென்றது. கடையில் யாருக்கும் விற்கப்படும் ரிலேக்கு இந்தத் தீர்ப்பை இழுத்துப் போர்த்த முடியாது.

எண் மாறினால் பணம் எவ்வளவு மாறும்

விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால் கணக்கின் முறையை மட்டும் காட்டுகிறேன். மதிப்பு 1,00,000 ரூபாய், அடிப்படைச் சுங்க வரி 10 சதவீதம் என்று கொண்டால் 10,000, அதன்மேல் சமூக நலக் கூடுதல் வரி பத்தில் ஒரு பங்காக 1,000, மொத்தம் 1,11,000. அதன்மேல் 18 சதவீத ஐ.ஜி.எஸ்.டி. (இறக்குமதிக்கும் பொருந்தும் ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) 19,980. ஆக, செலுத்த வேண்டியது 30,980. அடிப்படை வரி 7.5 சதவீதமாக இருந்தால் 7,500, 750, 19,485 என்று 27,735. வேறுபாடு 3,245. இதில் ஐ.ஜி.எஸ்.டி.யின் 495 ரூபாய் இன்புட் கிரெடிட்டாகத் திரும்பிவிடும். கையைக் கடிப்பது மீதி 2,750.

எட்டு இலக்க எண் கிடைத்ததோடு நின்றுவிடாமல், நடப்பிலுள்ள விலக்கு அறிவிக்கைகளையும் பார்க்க வேண்டும். தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்திருப்பதன் விளைவாக, 11 ஆம்பியரைத் தாண்டாத மின்னோட்டத்துக்கான மின்இயந்திர ஸ்னாப் ஸ்விட்சுகள், கோஆக்சியல் கேபிளுக்கும் அச்சுச்சுற்றுக்குமான பிளக்குகள் போன்ற சில குறிப்பிட்ட 8536 பொருள்களுக்குச் சலுகை இருக்கிறது. எண் பொருந்தினால் மட்டும் போதாது, அறிவிக்கையின் வாசகத்தோடும் பொருள் பொருந்த வேண்டும். ஜப்பான், கொரியா, ஆசியான் நாடுகளிலிருந்து ஒப்பந்தச் சலுகையில் கொண்டுவந்தால், 2020 செப்டம்பர் 21 முதல் நடப்பிலுள்ள விதிகளின்படி தோற்றச் சான்றிதழோடு, அந்தப் பொருள் அந்த நாட்டில் எப்படி உருவானது என்ற விவரமும் உங்களிடம் இருக்க வேண்டும். சான்றிதழில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் முதல் ஆறு இலக்கத்தில் முரண்பட்டால் கேள்வி நிச்சயம்.

வீட்டு உபயோக ஸ்விட்ச், பிளக், எம்.சி.பி. போன்றவற்றுக்குத் தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் உண்டு. இந்தியத் தர நிறுவனத்தின் உரிமம் பெற்ற வெளிநாட்டு ஆலையில் செய்யப்பட்டு, ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு வராவிட்டால், எண் எவ்வளவு சரியாக இருந்தாலும் பெட்டி வெளியே வராது. ஆர்டர் கொடுக்கும் முன்பே பார்க்க வேண்டியது இது.

அந்த ஒரு வரி

இனி பில் ஆஃப் என்ட்ரியில் எழுதும் விவரணை. 'எலெக்ட்ரிக்கல் ஸ்விட்ச், 200 எண்ணிக்கை' என்று எழுதினால், தொலைவில் இருக்கும் அதிகாரிக்குக் கேள்வி கேட்பதைத் தவிர வழியில்லை. கேள்வி வந்தால் பெட்டி நிற்கும். பெட்டி நின்றால் துறைமுக வாடகை ஏறும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறையில் இப்படிப் பொத்தாம் பொதுவாக எழுதிய ஒரு வரியால் பதினோரு நாள் சரக்கு முடங்கியது. எண்ணில் பிழையே இல்லை, விவரணைதான் ஊமையாக இருந்தது.

எழுத வேண்டிய முறை இது: 'மோல்டட் கேஸ் சர்க்யூட் பிரேக்கர், மூன்று முனை, 250 ஆம்பியர், இயங்கு மின்னழுத்தம் 415 வோல்ட் மாறுமின்சாரம், ஐ.ஈ.சி. 60947-2, மாடல் எண் இன்னது, உறையின்றித் தனியாக'. இந்த வரியில் மேலே கேட்ட நான்கு கேள்விகளுக்கும் விடை இருப்பதைப் பாருங்கள். பலகையாக இருந்தால், அதில் பொருத்தப்பட்டுள்ள சாதனங்கள் எவை, எத்தனை என்று சேர்க்க வேண்டும். பாகமாக இருந்தால், எந்தச் சாதனத்துக்கு மட்டும் பயன்படும் என்று சொல்ல வேண்டும். கேட்டலாக் பக்கத்தையும் இணைய வழியில் ஆவணத்தோடு ஏற்றிவிடுங்கள். பில்லைக் கப்பல் வருவதற்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பதால், இவற்றையெல்லாம் சரக்கு கடலில் இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

ஐயம் தீராதபோது

ஒரே பொருளைத் திரும்பத் திரும்பக் கொண்டுவரப் போகிறீர்கள், எண்ணில் இரண்டு கருத்து இருக்கிறது என்றால், சுங்க முன்கூட்டிய தீர்ப்பாணையத்தை அணுகலாம். டெல்லியிலும் மும்பையிலும் அதன் அமர்வுகள் இருக்கின்றன; விண்ணப்பக் கட்டணம் 10,000 ரூபாய்; மூன்று மாதத்துக்குள் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பது சட்டம். அந்தத் தீர்ப்பு உங்களையும் துறையையும் கட்டுப்படுத்தும். ஒருமுறை மட்டும் வரும் சரக்குக்கு அது மிகை. அதற்கு 18-ஆம் பிரிவின்கீழ் தற்காலிக மதிப்பீடு கோரி, பத்திரம் எழுதிக் கொடுத்துப் பொருளை எடுத்துக்கொள்ளலாம்.

பொருள் வெளியே வந்த பிறகு தவறு தெரிந்தால் மூடி மறைக்க வேண்டாம். வரி குறைவாகக் கட்டியிருந்தால், நோட்டீஸ் வரும் முன்பே 28-ஆம் பிரிவின்படி வட்டியோடு கட்டிவிட்டால், உள்நோக்கம் இல்லாத வழக்குகளில் தண்டம் கிடையாது. சாதாரணமாக இரண்டு ஆண்டு வரையும், வேண்டுமென்றே மறைத்தார் என்று துறை கருதினால் ஐந்து ஆண்டு வரையும் பின்னோக்கிக் கேட்க முடியும். பின்னது வந்தால் வரிக்கு இணையான தண்டமும் சேரும். வரி அதிகமாகக் கட்டியிருந்தால், 149-ஆம் பிரிவின்கீழ் பில்லைத் திருத்தக் கோரி, 27-ஆம் பிரிவின்படி ஓராண்டுக்குள் திருப்பம் கேட்க வேண்டும். திருத்தம் கோரும்போது, பொருளை விடுவித்த நேரத்தில் இருந்த ஆவணங்களை மட்டுமே சான்றாக ஏற்பார்கள். விற்பவரிடம் ஆர்டரோடு கேட்டு வாங்கிய கேட்டலாக் பக்கமும், வயரிங் படமும், பெயர்ப்பலகையின் புகைப்படமும் அந்தந்தப் பில்லோடு ஒரே கோப்பில் ஐந்தாண்டு இருக்கட்டும்.